அச்சமும் இழவும்: இருவகைத் துன்பத்தை ஒருங்கே ஆற்றுதலின் அறம்

முன்னுரை

நோயுற்றாரைத் தேற்றுதல் அறம் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. ஆயின், இறந்தாரை நினைந்து வருந்துவோரின் வருத்தம் நோயாகுமா, அதனைத் தீர்க்க முயல்வது அறமாகுமா என்னும் வினாக்களுக்கு ஒருமித்த விடை இல்லை. போர், பேரிடர், வன்முறை ஆகியவற்றுக்கு ஆட்பட்டோரிடம் நிலைத்துவிடும் அச்சத்தை ‘அதிர்ச்சிக்குப் பிந்தைய மனவழுத்தக் கோளாறு’ என்னும் பெயரால் அமெரிக்க உளமருத்துவக் கழகத்தின் கையேடு 1980இல் ஏற்றுக்கொண்டது. இறப்பால் வரும் துயர் நோய்ப் பட்டியலில் தனியிடம் பெறுதற்கு மேலும் நாற்பதாண்டுகள் ஆயின. உலக நலவாழ்வு அமைப்பின் நோய்ப் பகுப்பு, 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்த பதினொன்றாம் பதிப்பில், ‘நீடித்த துயர்க் கோளாறு’ என்பதனைச் சேர்த்தது. அதே ஆண்டு மார்ச்சுத் திங்களில் வெளிவந்த அமெரிக்கக் கையேட்டின் திருத்தப் பதிப்பும் அதனை ஏற்றது.

இவ்விரு கோளாறுகளும் ஒருவரிடத்தே ஒருங்கே நிகழ்தல் அரிதன்று. கொடிய நிகழ்ச்சியொன்றில் தாம் உயிர்பிழைத்துத் தம்மவரை இழந்தோர் அச்சம், இழவு இரண்டையும் சுமக்கின்றனர். அவ்விரண்டையும் ஒரே மருத்துவத்தால் ஆற்ற இயலுமா என்பது மருத்துவர் ஆராயத்தக்க வினா. அவ்வாறு ஆற்றுதல் தகுமா, தகுமெனின் எவ்வெல்லைக்குள் தகும் என்பது அறவியல் வினா. இரண்டாம் வினாவினை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கணம் பிரித்துக் காட்டுவது

தொல்காப்பியம் மெய்ப்பாடுகள் எட்டனுள் அழுகையினையும் அச்சத்தினையும் தனித்தனியே வைத்து எண்ணுகிறது. அழுகைக்குரிய நிலைக்களன்களாக இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகிய நான்கினையும், அச்சத்திற்குரியனவாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை ஆகிய நான்கினையும் அது கூறும். இழவு அழுகையின் பாற்பட்டது. அச்சத்தின் நிலைக்களன்களுள் அது இடம்பெறவில்லை. அச்சத்தின் நிலைக்களன்கள் அனைத்தும் ஒருவரின் எதிரே நின்று அவரை வருத்தவல்லன. இழவோ எதிரே நில்லாமையால், இல்லாமையால், வருத்துவது. ஒன்று வருவதைப் பற்றியது. மற்றொன்று போனதைப் பற்றியது. இப்பகுப்பு நாடகவழக்கும் செய்யுள் வழக்கும் நோக்கி அமைந்ததாயினும், உணர்வுகளின் பொருள்வேறுபாட்டினைத் தெளிவுற உணர்ந்து செய்யப்பட்டது எனலாம்.

ஆயினும் ஒருவருடைய வாழ்வில் இரண்டும் ஒரே நிகழ்ச்சியினின்று தோன்றக்கூடும். அப்போது ஒன்றனை மற்றொன்றாக மயங்குதல் எளிது. அம்மயக்கத்தினின்றே அறச்சிக்கல்கள் பலவும் பிறக்கின்றன.

நாகைக் கடற்கரை

2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 உயிர்களைக் கொண்டது. அவர்களுள் 6,000க்கு மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தைச் சேர்ந்தோர். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் முதலிய மீனவர் ஊர்களில் இறந்தோருள் பெண்களும் குழந்தைகளும் மிகப் பலர். உடல்கள் பல ஒரே குழியில் அடக்கம் செய்யப்பட்டன. கிடையாமலே போன உடல்களும் உண்டு.

இத்தகைய கரையில், தன் கையினின்று அலை பறித்துச்சென்ற மகவை நினைக்கும் தாய் ஒருத்தியின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். அவளை அச்சுறுத்துவது கடல். அவள் மகவு இறுதியாக இருந்த இடமும் அக்கடலே. அச்சம் அவளைக் கரையினின்று விலகச் சொல்கிறது. இழவு அவளைக் கரைக்கே அழைக்கிறது. மகவின் உருவப்படத்தைக் காண அவள் ஏங்குகிறாள். கண்டவுடன் அலையின் காட்சி எழுவதால் அதனைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிறாள். மகவின் சிரிப்பை நினைக்கப் புகுந்தால் அதன் இறுதி அலறலே முன்வந்து நிற்கிறது. இவ்வாறு அச்சம் நினைவின் வாயிலை அடைத்து நிற்க, துயர் வாயிலுக்கு வெளியே நின்றுவிடுகிறது. உரிய வழியில் அழுதற்கும் இயலாத நிலை இது.

அச்சமும் இழவும் ஒருங்கு நிகழ்தலின் இயல்பு இதுவே. அச்சத்தின் கூற்று, ‘தீங்கு இன்னும் இங்கே உள்ளது’ என்பதாம். உலக நலவாழ்வு அமைப்பின் பகுப்பும் நிகழ்ச்சியை மீண்டும் இப்போதே நிகழ்வதுபோல் உணர்தல், அதனை நினைவூட்டுவனவற்றைத் தவிர்த்தல், இடர் இன்னும் நீங்கவில்லை என்னும் உணர்வு ஆகிய மூன்றனையே அதிர்ச்சிக் கோளாற்றின் அடிப்படைகளாகக் கொள்கிறது. இழவின் கூற்றோ, ‘அவர் இனி இல்லை’ என்பதாம். முன்னைய கூற்று நிகழ்காலத்தைப் பொறுத்தவரை பொய்; பின்னைய கூற்று மெய். பொய்யான கூற்றினைத் திருத்துதலும் மெய்யான கூற்றோடு வாழப் பழகுதலும் ஒன்றாகா. இவ்வேறுபாடே இக்கட்டுரையின் வாதத்திற்கு அடிப்படையாகும்.

மருத்துவம் கண்ட நெறி

அதிர்ச்சிக் கோளாற்றுக்குரிய உரையாடல் மருத்துவங்களுள் எட்னா ஃபோவா வகுத்த நெறி பெரிதும் வழங்குவது. அஞ்சும் நினைவினைத் தவிர்க்காமல், மருத்துவர் துணையுடன் மீண்டும் மீண்டும் எடுத்துரைக்கச் செய்தல் அதன் உள்ளீடு. நினைத்தல் வேறு, நிகழ்தல் வேறு என்பதனை உள்ளம் அவ்வழியே கற்றுக்கொள்கிறது. துயர்க்குரிய நெறியினை வகுத்தவர் கேத்ரின் ஷியர். அதன் பதினாறு அமர்வுகளில் இறப்பின் செய்தி வந்தடைந்த பொழுதினை எடுத்துரைத்தல், தவிர்த்துவந்த இடங்களுக்குச் செல்லுதல், இறந்தாரோடு மனத்தளவில் உரையாடுதல், எதிர்வரும் வாழ்வுக்குரிய குறிக்கோளைத் தேடுதல் ஆகியன அடங்கும். 2005இல் வெளிவந்த அவர்தம் ஆய்வில், இந்நெறியினைப் பெற்றோருள் 51 விழுக்காட்டினர் நன்கு தேறினர். பிறரோடுள்ள உறவுகளைச் சீர்செய்யும் பொது உரையாடல் மருத்துவம் பெற்றோருள் தேறியவர் 28 விழுக்காட்டினரே. ரிச்சர்டு பிரையன்டும் உடனாய்வாளரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு, துயர்க்குரிய மருத்துவத்தில் இறப்பின் நினைவினை எதிர்கொள்ளும் பயிற்சியைச் சேர்த்தபோது பயன் மிகுந்தமையைக் காட்டியது.

இவற்றால் இரு செய்திகள் பெறப்படுகின்றன. ஒன்று, பொதுவான ஆறுதல் மட்டும் பலருக்குப் போதுவதில்லை. மற்றொன்று, அச்சத்தை அணுகும் முறையும் துயரை அணுகும் முறையும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. இரண்டும் இறப்பின் கணத்தை எடுத்துரைக்கச் செய்கின்றன. சந்தித்த பின் அவை பிரிகின்றன. அச்ச மருத்துவம் நினைவின் கொடுமையைத் தணித்து அங்கே நின்றுவிடலாம். துயர் மருத்துவம் அவ்விடத்தில்தான் தொடங்குகிறது. இல்லாதவரோடு இனி எவ்வாறு உறவு கொள்வது என்னும் வினா அதன்பின்னரே எழுகிறது. அச்சத்தை மட்டும் நோக்கும் மருத்துவர் தணிவினை நலம் என்று எண்ணிவிடக்கூடும். துயரை மட்டும் நோக்குபவர் அடைபட்ட வாயிலைக் காணாது நினைவுகூருமாறு வற்புறுத்தக்கூடும். ஆதலின் இரண்டையும் ஒருங்கே நோக்குதல் மருத்துவ வகையால் பொருத்தமுடையதாகிறது. இனி, அறவகையால் இதற்கு எழக்கூடிய தடைகள் மூன்றனை நோக்குவோம்.

முதல் தடை: துயர் நோயாகுமா?

அன்புடையார் அழுவது இயல்பு. அதற்குக் கால எல்லை குறித்து, எல்லை கடந்ததை நோயெனல் தகாது என்பது முதல் தடை. அமெரிக்கக் கையேடு வயதுவந்தோர்க்குப் பன்னிரு திங்களும், சிறார்க்கு ஆறு திங்களும் குறைந்த அளவாகக் கொள்கிறது. உலக நலவாழ்வு அமைப்பு ஆறு திங்கள் என்கிறது. இவ்வெண்கள் இயற்கையில் உள்ளவை அல்ல. வல்லுநர் கூடி வகுத்துக்கொண்டவை. இத்தடையில் உண்மை இல்லாமலில்லை.

எனினும் இரு பகுப்புகளும் காலத்தை மட்டும் அளவுகோலாகக் கொள்ளவில்லை. வாழ்வை முடக்கும் அளவிலான ஏக்கமும் வேதனையும் இருத்தல் வேண்டும் என்றும், அத்துயர் அவரவர் சமூகம், பண்பாடு, சமயம் ஆகியவற்றின் வழக்கினைத் தெளிவாகக் கடந்திருத்தல் வேண்டும் என்றும் அவை கூறுகின்றன. அன்புக்குரியவரை இழந்தோருள் பெரும்பாலோர் மருத்துவம் இன்றியே தேறுகின்றனர். அழுபவர் எல்லாம் நோயாளர் என்பது இப்பகுப்புகளின் கருத்தன்று.

இங்கே வேறொரு சிக்கல் உண்டு. பண்பாட்டு வழக்கினை அளவாகக் கொள்வதெனின், அவ்வழக்கு நிகழ்தற்கு இடம் வேண்டும். தமிழர் வழக்கில் ஒப்பாரி, பதினாறாம் நாள் கருமாதி, ஆண்டுத் திவசம் என்பன துயருக்கு முறையும் காலமும் வகுத்துள்ளன. ஒப்பாரியில் இறந்தாரை முன்னிலைப்படுத்தி வினவுதலும் குறைகூறுதலும் உண்டு. துயர் மருத்துவத்தின் மனவுரையாடலோடு இதற்குள்ள ஒப்புமை நோக்கத்தக்கது. ஆயின் இதனைக் கொண்டு, முன்னோர் மருத்துவத்தை அன்றே அறிந்திருந்தனர் என்று பெருமை பேசுதல் ஆய்வாகாது. ஒப்பாரியும் பறையும் சாதிக்கட்டுக்குள் சிலர்மேல் சுமத்தப்பட்ட தொழிலாகவும் இருந்தன. மேலும், ஒப்பாரிக்கு உடல் வேண்டும்; சூழ இருந்து அழச் சுற்றம் வேண்டும். ஆழிப்பேரலை இவ்விரண்டையும் ஒருசேரக் கொண்டுபோயிற்று. ஊரே இழவு வீடாகும்போது துக்கம் கேட்க வருவோர் யார்? வழக்கின் அளவைக் கடந்தது துயர் அன்று. வழக்கே அற்றுப்போயிற்று எனல் வேண்டும். இத்தகைய நிலையில் உதவி தருதலை இயற்கையில் தலையிடுதல் என்று தள்ள இயலாது. அற்றுப்போன ஒன்றனுக்கு ஈடுசெய்யும் முயற்சியே அது.

நடைமுறையும் நோக்கத்தக்கது. பெங்களூரின் தேசிய மனநல, நரம்பு அறிவியல் நிறுவனம் 2015–16இல் நடத்திய நாடளாவிய ஆய்வு, மனநலக் கோளாறுடையோருள் மருத்துவம் பெறாதோர் 70 முதல் 92 விழுக்காடு வரை இருத்தலைக் காட்டியது. மருத்துவம் மிகுதலால் வரும் தீங்கைக் காட்டிலும் அது கிட்டாமையால் வரும் தீங்கே நம் நாட்டில் பெரிது. பேரிடருக்குப் பின் படகுக்கும் வலைக்கும் வீட்டுக்கும் கணக்கெடுக்கும் அரசு, உறங்க இயலாதோரையும் கணக்கெடுத்தல் வேண்டும் என்பது மிகையான கோரிக்கையன்று.

இரண்டாம் தடை: ஆறுதல் இறந்தாரைக் கைவிடுதலாகுமா?

இரண்டாம் தடை துயருறுவோர் தாமே எழுப்புவது. வேதனை குறைந்தால் இறந்தவர் இரண்டாம் முறை இறந்துவிடுவார் என அவர்கள் அஞ்சுகின்றனர். மெய்யியலார் சிலரும் இதற்கு வாதவடிவம் தந்துள்ளனர். மார்த்தா நுஸ்பாம் 2001இல் வெளியிட்ட நூலில், உணர்ச்சிகள் மதிப்பீடுகளே என்று நிறுவுகிறார். அவ்வாறாயின் துயர் என்பது, இறந்தவர் என் வாழ்வுக்கு இன்றியமையாதவர் என்னும் மதிப்பீடாகும். பெரிஸ்லாவ் மருஷிச் இதனை மேலும் நெருக்கி வினவுகிறார்: அவர் இல்லை என்பதே துயரின் காரணம், அக்காரணம் பத்தாண்டு கழிந்தும் சிறிதும் மாறவில்லை, பின்னர்த் துயர் மட்டும் குறைவது எங்ஙனம் நியாயமாகும்?

பிராய்டு 1917இல் எழுதிய கட்டுரை, இறந்தாரினின்று பற்றினைச் சிறிதுசிறிதாக விலக்கிக்கொள்ளுதலே துக்கத்தின் பணி என்றது. ஆனால் தம் மகள் சோஃபியை 1920இல் இழந்த அவர், 1929இல் நண்பர் ஒருவர்க்கு எழுதிய மடலில், அவ்விடத்தை வேறொன்றும் நிரப்பாது என்றும், நிரப்பாமையே தகும் என்றும் கருத்தமைய எழுதினார். பின்வந்த ஆய்வாளர், குறிப்பாக 1996இல் ‘தொடரும் பிணைப்புகள்’ என்னும் கருத்தினை முன்வைத்த டென்னிஸ் கிளாஸ் முதலியோர், பற்றறுத்தல் துக்கத்தின் முடிவாக வேண்டியதில்லை என்று காட்டினர்.

இவ்விடத்துத் தமிழ் மரபின் இரு சொற்கள் துணைசெய்கின்றன. ஒன்று கையறுநிலை, செய்வது யாதென அறியாது செயலற்று நிற்கும் நிலை. மற்றொன்று நடுகல். தொல்காப்பியம் நடுகல்லிற்குக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்னும் ஆறு படிகளைக் கூறும். கல்லைத் தேர்தல் முதல் வாழ்த்துதல் ஈறாக ஒவ்வொன்றும் ஒரு செயல். செயலற்றோர்க்குச் செயல் தருவது அம்முறை. நடப்பட்ட கல் இறந்தவனை மறக்கச் செய்வதில்லை. அவனுக்கு ஓரிடம் தருகிறது. ஆதலின் அவ்வழிச் செல்வோர் நின்று நினைந்து, பின் தம் வழிச் செல்ல இயலுகிறது. எங்கும் பரந்து கிடந்த இழவு ஓரிடத்து நிலைபெறுகிறது.

மருஷிச்சின் வினாவிற்கு இதன்வழி ஒரு விடை காணலாம். காரணம் மாறவில்லை என்பது மெய்யே. ஆனால் மதிப்பீட்டினை வேதனையால் மட்டுமே வெளிப்படுத்த இயலும் என்பது மெய்யன்று. பெயர்சூட்டல், பேணல், பாடுதல், அவர் விட்ட பணியைத் தொடர்தல் என மதிப்பீடு வேறு வடிவும் கொள்ளும். வேதனை குறைதல் அன்பு குறைதலன்று. அன்பு வடிவம் மாறுதல். மேலும், அச்சம் கலந்த துயரில் இறந்தவரின் முழுவாழ்வும் அவர் இறந்த கணத்துள் ஒடுங்கிவிடுகிறது. ஆறாண்டு வாழ்ந்த மகவு ஒரு கணத்தின் அலறலாக மட்டும் எஞ்சுதல் அம்மகவுக்குச் செய்யும் நீதியாகாது. அச்சத்தை நீக்குதல் எஞ்சிய நினைவுகளை மீட்டுத்தருகிறது. ஆகவே ஒருங்கே ஆற்றுதல் இறந்தாரைக் கைவிடுதலன்று, அவரை மீளப்பெறுதற்கு வழியாகும்.

மூன்றாம் தடை: ஆறுதல் நீதியை மறப்பிக்குமா?

மூன்றாம் தடையே மிக வலியது. கடல் யாருக்கும் பொறுப்பன்று. மனிதர் இழைத்த கொடுமையால் நேர்ந்த இழவுக்குப் பொறுப்பாளர் உண்டு. நாட்சிகளின் சித்திரவதைக்கும் வதைமுகாமுக்கும் ஆட்பட்டு மீண்ட ழான் அமெரி, 1966இல் வெளிவந்த தம் கட்டுரைகளில், காலம் புண்ணை ஆற்றும் என்பதனை அறத்திற்கு மாறானது என்று மறுத்தார். குற்றவாளி தன் குற்றத்தை உணரும்வரை, நிகழ்ந்தது நிகழ்ந்ததே என்று பிடிவாதமாக நிற்றல் பாதிக்கப்பட்டோரின் உரிமை என்பது அவர் நிலை.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. 1984 திசம்பரில் போபாலில் நச்சுவளியால் பல்லாயிரவர் மாண்டனர். 2010 சூனில் வந்த தீர்ப்பு, எஞ்சியிருந்த ஏழு இந்திய அலுவலர்க்கு இரண்டாண்டுச் சிறையே விதித்தது. அந்நகரத்துத் தாய் ஒருத்தியிடம், ‘ஆறுதல் கொள்க’ என்பது யாருக்கு நன்மை தரும் சொல் என்னும் வினா எழாமற் போகாது.

இதற்கும் முன்கூறிய வேறுபாடே விடை தருகிறது. அச்சம், இழவு, நீதிக்கான கோரிக்கை என்பன மூன்றும் வேறுவேறு. நள்ளிரவில் திடுக்கிட்டு எழுதல் குற்றவாளியை வருத்துவதில்லை. பாதிக்கப்பட்டாரையே மீண்டும் வருத்துகிறது. நினைக்கும்தோறும் நிலைகுலைவோர் மன்றத்தில் நின்று சான்றுரைத்தல் அரிது. இராணுவ ஆட்சிக்காலத்துச் சிலி நாட்டில் உளவியலாளர், சித்திரவதைக்கு ஆட்பட்டோரின் வாக்குமூலத்தை எழுத்தாக்குதலையே மருத்துவமாகக் கொண்டனர்; அவ்வெழுத்து குற்றத்திற்குச் சான்றாகவும் நின்றது. அச்சம் நீங்குதலும் நீதி கோருதலும் ஒன்றற்கொன்று துணையாதல் கூடும் என்பதற்கு இது சான்று. ஆயின் மருத்துவர் ஓரெல்லையைக் காத்தல் வேண்டும். மன்னித்தலை நலத்தின் அடையாளமாகக் கொள்ளலாகாது. சினத்தை நோய்க்குறியாக எழுதலாகாது.

காணாமல் ஆக்கப்பட்டோர்பால் இவ்வெல்லை மேலும் கூர்மையாகிறது. அர்ஜென்டினாவில் 1977 முதல் பிளாசா தெ மாயோ சதுக்கத்தில் நின்ற அன்னையருள் ஒரு பிரிவினர், புதைகுழிகளைத் தோண்டி எலும்புகளை அடையாளம் காண்பதனையும் எதிர்த்தனர். தனித்தனி மரணமாக ஏற்றுக்கொண்டால் வழக்கு மூடப்படும் என்பது அவர்தம் அச்சம். இலங்கையில் 2009இல் முடிந்த போரின்போதும் அதன் இறுதியிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார், 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். விடை அறியாமலே இறந்துபோன பெற்றோர் பலர். பாலின் பாஸ் இத்தகைய இழப்பினைத் தெளிவற்ற இழப்பு என்பார். இறப்பே உறுதிப்படாதவிடத்து நீடித்த துயர்க் கோளாறு என்னும் பெயரே பொருந்தாது. ‘அவர் இனி இல்லை’ என்னும் கூற்றினை மெய்யென்று சொல்ல வேண்டிய கடமை அரசுக்கு உரியது. அதனை மருத்துவர் தாய்மேல் ஏற்றலாகாது. ஈண்டு அச்சத்தைத் தணிக்கலாம்; உறக்கத்தை மீட்கலாம்; காத்திருத்தலின் நடுவே வாழ்வதற்குத் துணைநிற்கலாம். ஏற்றுக்கொள் என்று மட்டும் கூறலாகாது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன: அச்சமும் இழவும் ஒரே நிகழ்ச்சியினின்று பிறந்து ஒருவரிடத்தே பின்னிக் கிடத்தலால் இரண்டையும் ஒருங்கே நோக்குதல் தகும்; ஒன்றனை விடுத்து மற்றொன்றனை ஆற்றுதல் அரைகுறையாகும். ஆயின் ஒருங்கே நோக்குதல் ஒன்றாகக் கருதுதலன்று. அச்சம் இன்றைய நிலையைப் பிறழ உணர்த்துவது, ஆகவே நீக்கத்தக்கது. இழவு உண்மையை உணர்த்துவது, ஆகவே இடந்தரத்தக்கது. நீதிக்கான கோரிக்கை மருத்துவத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஆகவே தொடாது விடத்தக்கது. இம்மூன்றையும் பிரித்தறியாத ஆறுதல், பாதிக்கப்பட்டாரை அமைதியாக்கும் கருவியாக மாறக்கூடும்.

மெய்ப்பாட்டியலும் கையறுநிலைப் பாடல்களும் ஒப்பாரியும் இலக்கியப் பொருளாகவே பெரிதும் ஆராயப்பட்டு வந்துள்ளன. துன்புற்றோர் எவ்வாறு சொல்லத் தொடங்குகின்றனர், எவ்விடத்துச் சொல் அறுகிறது, எப்போது மீள்கிறது என்பனவற்றை அறிந்தோர் மனநலப் பணியாளர்க்கு மொழித்துணையாக அமையலாம். இடர்ப்பட்டோர் தம் தாய்மொழியிலேயே அழுகின்றனர். அவ்வழுகையில் அச்சம் எது, இழவு எது, வழக்குரை எது எனப் பிரித்துக் கேட்கும் பயிற்சி தமிழாய்வாளர்க்கு உண்டு. அப்பயிற்சியினைத் துன்புற்றோர்க்குப் பயன்படச் செய்தல் நம் துறையினர் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.